240 கோடுகளும் ஒரு 4கே டிவியும்

சூப்பர் நின்டெண்டோ வரையும் ஒரு படத்தில் குறுக்கே 256 புள்ளிகள், மேலிருந்து கீழாக 224 வரிசைகள். பெருக்கினால் 57,344. இன்றைய 4கே டிவியின் திரையில் இருப்பவை 82 லட்சத்து 94 ஆயிரத்து 400 புள்ளிகள். அந்த கேமைத் திரை முழுக்கக் காட்ட வேண்டுமானால், வந்துசேரும் ஒவ்வொரு புள்ளியையும் கிட்டத்தட்ட 145 புள்ளிகளாக்க வேண்டும். அந்த வேலையை யார் செய்கிறார்கள், எதை நம்பிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே படம் தேறுவதும் நாசமாவதும்.

பரணில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரைப் புது டிவியில் செருகியவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள். மரியோவுக்கு இடுப்பு பெருத்திருக்கிறது. சிவப்பு நிறம் தன் எல்லையைத் தாண்டி வழிகிறது. எழுத்துகளின் ஓரங்களில் பொடிப்பொடிப் புள்ளிகள் ஊர்கின்றன. பட்டனை அழுத்தினால் ஆள் சற்று யோசித்துவிட்டுத்தான் குதிக்கிறார். "அந்தக் காலத்துல இப்படித்தான் இருந்திருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டியை மறுபடி பரணுக்கே அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தச் சமாதானம் தவறு. அந்தக் காலத்தில் அப்படி இருக்கவில்லை. பெட்டியும் கெட்டுப்போகவில்லை. பழைய பெட்டி சொல்வது புது டிவிக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

புரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பிக்சர் ட்யூப் டிவி படத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்டிஎஸ்சி முறையில் ஒரு முழுப்படத்துக்கு 525 கோடுகள். முதல் சுற்றில் ஒற்றைப்படைக் கோடுகள். அடுத்த சுற்றில் அவற்றின் இடைவெளிகளில் இரட்டைப்படைக் கோடுகள். ஒரு சுற்றுக்கு 262.5 கோடு. அந்த அரைக் கோட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது இருப்பதால்தான் இரண்டாவது சுற்று சற்றுத் தள்ளி விழுந்து இடைவெளியை நிரப்புகிறது. 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமிலிருந்து 1994-ல் வந்த பிளேஸ்டேஷன் வரை, அந்தக் காலத்து கன்சோல்கள் பெரும்பாலும் அந்த அரையை விட்டுவிட்டு 262 கோடுகளை மட்டும் அனுப்பின. அதனால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்று விழுந்த அதே இடத்தில் விழுந்தது. கோடுகள் பாதியாகக் குறைந்து சுமார் 240 ஆயின. பதிலுக்கு நொடிக்கு 60 முழுப்படங்கள், நடுக்கமே இல்லாமல் கிடைத்தன. கோடு விழாத இடம் மெல்லிய கறுப்பாக நின்றது. இதைத்தான் 240பி என்கிறார்கள்.

ஒளிபரப்புக்கான தரவிதிகளில் இல்லாத குறுக்குவழி இது. பிக்சர் ட்யூப் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. சொன்ன இடத்தில் கோடு போட்டது. புது டிவியின் சிப் அப்படியல்ல. மஞ்சள் வயரில் எது வந்தாலும் அது 480ஐ, அதாவது ஒற்றை-இரட்டைச் சுற்றாக வரும் சாதாரண ஒளிபரப்பு என்றே பல டிவிக்கள் முடிவு கட்டிவிடுகின்றன. தனித்தனியான இரண்டு முழுப்படங்களை எடுத்து, ஒரே படத்தின் இரண்டு பாதிகள் என்று நினைத்துப் பின்னிச் சேர்க்கின்றன. ஓடுகிற எதுவும் கிடைமட்டமாகக் கிழிகிறது. அடிபட்ட மெகா மேன் மினுங்குவதுபோல, ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்தில் மறையும் உருவங்களின் கதி இன்னும் மோசம். மினுங்க வேண்டியவை கோடுகோடாக உறைந்து நிற்கும், இல்லையென்றால் காணாமலே போகும். இந்தப் பின்னலுக்கு டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் தாமதமாகக் கட்டைவிரலில் உறைக்கும்.

தன் டிவி இந்தத் தவறைச் செய்கிறதா என்று ஒருவர் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. மெக்சிகோவைச் சேர்ந்த ஆர்ட்டெமியோ உர்பினா எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் '240பி டெஸ்ட் சூட்' பல பழைய கன்சோல்களில் ஓடும். அதில் ஒரு சோதனை, ஒன்று விட்டு ஒரு படத்தில் மட்டும் ஒரு நிழலை வரையும். நிழல் மினுங்கினால் டிவிக்கு 240பி புரிகிறது. கிழிந்தோ, அசையாமலோ, மறைந்தோ போனால் புரியவில்லை.

காசு செலவழிப்பதற்கு முன் ரிமோட்டைக் கையில் எடுப்பது நல்லது. இந்த விஷயத்தில் அதிகப் பலன் தரும் மாற்றங்கள் செட்டிங்ஸிலேயே இருக்கின்றன. பலர் அந்தப் பக்கமே போவதில்லை. படத்தின் வடிவத்தை 16:9-லிருந்து 4:3-க்கு மாற்றினால் மரியோ உடனே இளைத்துவிடுவார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். திரை வீணாகிறதே என்று இழுத்துப் பெரிதாக்குவதால்தான் வட்டம் முட்டையாகிறது. அடுத்தது கேம் மோட். டிவி தன் மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிட்டு வந்த படத்தை வந்தபடி காட்டும். ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி வினாடி. கேம் மோட் இல்லாமல் 100 மில்லி வினாடி வரை தாமதிக்கும் டிவிக்கள் உண்டு. ஆறு படங்கள் கழித்துக் குதிக்கிற ஆளை வைத்துக்கொண்டு 1987-ன் 'மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்'டில் டைசனிடமிருந்து யாரும் தப்ப முடியாது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் வரும், இல்லாத படங்களை நடுவில் செருகும் வசதியை அணைத்துவிட வேண்டும். ஷார்ப்னஸைக் குறைக்க வேண்டும்; அதைக் கூட்டினால் விவரம் கூடாது, ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு வெள்ளை விளிம்புதான் கூடும்.

பிறகு வயர். மஞ்சள் வயர் என்று எல்லோரும் சொல்லும் கம்போசிட் இணைப்பில் வெளிச்சம் பற்றிய தகவலும் நிறம் பற்றிய தகவலும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. சாம்பாரையும் ரசத்தையும் ஒரே தூக்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிரித்துக்கொள் என்று சொல்வதற்குச் சமம். டிவி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பிரித்தாலும் ஒன்றின் வாசனை இன்னொன்றில் இருக்கும். ஓரங்களில் ஊரும் புள்ளிகள், நெருக்கமான கோடுகளின் மேல் தோன்றும் வானவில் எல்லாம் அந்தக் கலப்பின் மிச்சம். எஸ்-வீடியோ வயர் அந்த இரண்டையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புகிறது. அதற்கே படம் நன்றாகத் தெளியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபி அதற்கும் மேல்.

பல பழைய கன்சோல்கள் தொடக்கத்திலிருந்தே ஆர்ஜிபி அனுப்பக்கூடியவை என்பது இங்கே பலருக்குத் தெரியாமலே போயிற்று. ஐரோப்பியர்களுக்குத் தெரியும். ஆர்ஜிபி ஏற்கும் ஸ்கார்ட் சாக்கெட் பிரான்சில் விற்கும் டிவிக்களுக்கு 1980-களின் தொடக்கத்திலேயே கட்டாயமாகி, பிறகு கண்டம் முழுதும் பரவியது. இந்திய டிவிக்களின் முதுகில் இருந்தது பெரும்பாலும் மஞ்சள் ஓட்டைதான். சேகாவின் மெகா டிரைவை எடுத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதன் முதல் மாடலின் ஆரம்பப் பெட்டிகளில் 'ஹை டெபினிஷன் கிராபிக்ஸ்' என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த கம்போசிட் சுற்றோ அந்தத் தலைமுறையின் மட்டமானவற்றில் ஒன்று. அதே பெட்டியின் அதே சாக்கெட்டில் ஆர்ஜிபி வயரைச் செருகினால் வேறு மெஷின் போலத் தெரியும். சூப்பர் நின்டெண்டோவும் பிளேஸ்டேஷனும்கூட ஆர்ஜிபி தருபவை.

ஃபேமிகாமும் அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸும் மட்டும் கஷ்டமான கேஸ். படம் வரையும் ரிகோ சிப், உள்ளேயே கம்போசிட்டாகக் கலந்துதான் வெளியே விடுகிறது. பிரித்து எடுக்க அங்கே ஆர்ஜிபி என்று ஒன்று கிடையாது. ஆஸ்திரேலியாவின் டிம் வொர்திங்டன் உருவாக்கிய 'என்இஎஸ்ஆர்ஜிபி' என்ற சின்னப் பலகை, அந்தச் சிப்பின் கால்களில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டு அதே படத்தை ஆர்ஜிபியாகப் புதிதாக வரைகிறது. மாட்டுவதற்குச் சிப்பைக் கழற்றிச் சால்டரிங் செய்ய வேண்டும். கை பழகாதவர்களுக்கான வேலையல்ல. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் 'டிவி கேம்' என்ற பெயரில், ஒரே கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் என்ற விளம்பரத்தோடு விற்றவை பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்களே. அவற்றுக்கும் மஞ்சள் வயர்தான் கதி.

நின்டெண்டோ தன் கேம்க்யூபில் செய்தது தனிக் கூத்து. 2001-ல் வந்த அந்தப் பெட்டியின் பின்புறம் ஒரு டிஜிட்டல் சாக்கெட் இருந்தது. அதற்கான, படத்தை மூன்று கம்பிகளில் பிரித்து அனுப்பும் காம்போனென்ட் வயரை நின்டெண்டோ மட்டுமே விற்றது; சிக்னலை மாற்றும் சிப்பை வயரின் தலைக்குள்ளேயே வைத்திருந்ததால் மற்ற கம்பெனிகளால் எளிதில் நகலெடுக்க முடியவில்லை. வாங்கியவர்கள் குறைவு. 2004-ல் சாக்கெட்டையே எடுத்துவிட்டார்கள். பிறகு அந்த வயரின் விலை சேகரிப்பாளர்களிடையே கன்சோலின் விலையைத் தாண்டி எங்கோ போனது. அந்த விலையேற்றத்தை முடித்துவைத்தவர் ஜெர்மனியின் இங்கோ கோர்ப். அந்த டிஜிட்டல் சிக்னலை நேரடியாகப் படிக்கும் 'ஜிசிவீடியோ' வடிவமைப்பை அவர் எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று அதை வைத்துச் செய்த, சாக்கெட்டில் செருகினால் எச்டிஎம்ஐ தரும் குட்டிக் கட்டைகள் பல பெயர்களில் கிடைக்கின்றன. கன்சோலைத் திறக்காமல், சால்டரிங் இல்லாமல் இவ்வளவு சுத்தமான படம் தரும் பழைய பெட்டி வேறு அதிகம் இல்லை. ட்ரீம்காஸ்ட் ஓரளவு பக்கத்தில் வரும். அந்தக் கன்சோலின் விஜிஏ இணைப்பு பெரும்பாலான கேம்களை 480பி-யில், அதாவது ஒற்றை-இரட்டைச் சுற்றாகப் பிரிக்காத 480 கோடுகளில் தரும்.

நல்ல வயர் கிடைத்தாலும் புது டிவியில் அதைச் செருக இடம் இருக்காது. இருந்தாலும் காம்போனென்ட் சாக்கெட்டில் வரும் 240பி-யை ஏற்காமல் 'சிக்னல் இல்லை' என்று சொல்லும் டிவிக்கள் ஏராளம். பிளேஸ்டேஷன் 2-ஐ காம்போனென்ட் வயரில் மாட்டி, அதில் முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்கைப் போட்டவுடன் திரை கறுத்துப்போய்த் திகைத்தவர்களுக்கு இதுதான் விளக்கம். ஆக, நடுவில் ஒரு பெட்டி வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், '1080பி' என்று எழுதிய சுவிட்ச் வைத்த 'ஏவி டு எச்டிஎம்ஐ' பெட்டியை வாங்குவதுதான் பலரும் முதலில் செய்வது. அது மஞ்சள் வயரின் கலப்பை அப்படியே வாங்கி, 240பி-யை 480ஐ என்றே எடுத்துக்கொண்டு, 16:9-க்கு இழுத்தும் விட்டுவிடும். டிவி செய்யும் தவறையே டிவிக்கு வெளியே செய்வதற்கு ஒரு பெட்டி. பழைய டிவிடி பிளேயருக்குப் போதும். கேமுக்கு அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

கேமுக்கென்றே செய்த பெட்டிகளில் பெரிதாகப் பெயர் வாங்கியது ஜப்பானின் மைக்கோம்சாஃப்ட் 2011-ல் கொண்டுவந்த ஃப்ரேம்மைஸ்டர். 240பி-யை 240பி என்றே அடையாளம் காணும். அதன் பலவீனம், சிக்னல் மாறும்போது சில நொடிகள் திரை கறுத்துவிடுவது. 1999-ன் 'க்ரோனோ கிராஸ்' போல மெனுவைத் திறந்தால் 480ஐ-க்குத் தாவும் கேமில், மருந்து குடிக்க மெனுவுக்குப் போகும்போதெல்லாம் காத்திருக்க வேண்டும். பின்லாந்தின் மார்க்குஸ் ஹீயென்காரி வடிவமைத்த ஓஎஸ்எஸ்சி வேறு வழியில் போனது. முழுப்படம் வரும்வரை அது காத்திருப்பதில்லை. ஒரு கோடு வந்ததும் அதையே இரண்டாக, மூன்றாக, ஐந்து மடங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். அதனால் தாமதம் என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் கன்சோல் தரும் வேகத்தை அப்படியே கடத்துவதால் டிவி ஒத்துக்கொள்ள வேண்டும். சூப்பர் நின்டெண்டோ நொடிக்கு 60.1 படம் அளவில் ஓடும், 59.94-ஐயும் 60-ஐயும் மட்டுமே எதிர்பார்க்கும் சில டிவிக்கள் முரண்டு பிடிக்கும்.

அமெரிக்காவின் மைக் சி உருவாக்கிய ரெட்ரோடிங்க் வரிசை இந்த இரண்டு குறைகளையும் பெருமளவு தீர்த்தது. 2021-ல் வந்த 5எக்ஸ் ப்ரோ, வயரைச் செருகிவிட்டு விளையாட உட்காரலாம் என்கிற அளவுக்கு எளிது. 2023 இறுதியில் 750 டாலர் விலையில் வந்த 4கே மாடலுக்கு ஒரு கணக்கு வசதியும் சேர்ந்துகொண்டது. 240-ஐ 1080-ஆக்க 4.5 மடங்கு வேண்டும். ஒரு கோடு நாலு வரிசையும் இன்னொன்று ஐந்து வரிசையுமாகி, படம் நகரும்போது அலையடிக்கும். தவிர்க்க நினைத்தால் நாலு மடங்கோடு நிறுத்தி மேலும் கீழும் கறுப்பு விட வேண்டும், அல்லது ஐந்து மடங்காக்கி ஓரத்தை வெட்ட வேண்டும். 4கே திரையின் 2160 வரிசைகளோ 240-க்குச் சரியாக 9 மடங்கு. 4கே டிவி பழைய கேமுக்கு உண்மையாகவே உதவும் இடம் இது.

அவ்வளவு செலவு முடியாதவர்களுக்கு, ஆர்கேட் மெஷின்களுக்காகச் செய்த ஜிபிஎஸ்-8200 என்ற மலிவான பலகை இருக்கிறது. தனியாக அது சுமார்தான். அதோடு ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை சிப்பை இணைத்து, 'ஜிபிஎஸ்-கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் விலைக்கு மீறிய படம் தரும். சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

இத்தனையும் செய்து முடித்து, கத்தி முனையில் வரைந்த மாதிரி படம் வந்த பிறகு சிலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். 1991-ன் 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்' கேமில், முதல் கட்டமான கிரீன் ஹில்லில் ஓர் அருவி கொட்டும். மஞ்சள் வயரில் பார்த்தால் நீரின் ஊடாகப் பின்னணி தெரியும். ஆர்ஜிபியில் பார்த்தால் அங்கே நீரே இல்லை. ஒன்று விட்டு ஒன்றாக நெடுக்குக் கோடுகள் நிற்கின்றன. மெகா டிரைவால் கண்ணாடித்தன்மையை நேராக வரைய முடியாது. கம்போசிட் எப்படியும் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளைக் கரைத்துவிடும் என்பதால், அந்தக் கரைசல் நீரை வரைந்து கொடுத்தது. ஆகவே எல்லா கேமுக்கும் கூர்மைதான் நல்லது என்று அடித்துச் சொல்வது சரியாக இருக்காது. ஒவ்வொரு புள்ளியும் சதுரக் கல்லாகத் தெரிவது அந்தக் காலத்தில் யாரும் பார்க்காத காட்சி. புதிய பெட்டிகள் பலவற்றில் கோடுகளுக்கு இடையே கறுப்பைச் சேர்க்கவும், சற்றே மங்கலாக்கவும், பிக்சர் ட்யூபின் புள்ளி அமைப்பைப் பாவனை செய்யவும் வசதி வைத்திருப்பது அதனால்தான். கறுப்பைச் சேர்த்தால் வெளிச்சம் குறையும். எச்டிஆர் டிவிக்களின் உபரி வெளிச்சம் அங்கே கைகொடுக்கும்.

எவ்வளவு செலவழித்தாலும் முழுதாகத் தீராதது ஒன்று உண்டு: ஓட்டத்தின்போது வரும் மங்கல். பிக்சர் ட்யூபில் ஒரு புள்ளி ஒளிர்ந்து சட்டென்று அணைந்துவிடும். எல்சிடியும் ஓஎல்இடியும் ஒரு படத்தை 16.7 மில்லி வினாடியும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். நகரும் பொருளைத் தொடர்ந்து ஓடும் கண்ணுக்கு அது இழுபட்டுத் தெரியும். நடுநடுவே கறுப்புப் படத்தைச் செருகும் வசதி சில டிவிக்களில் உண்டு. உதவும், ஆனால் வெளிச்சத்தைத் தின்றுவிடும், சிலருக்குக் கண் கூசும்.

பழைய பெட்டியே வேண்டாம், கேம் இருந்தால் போதும் என்பவர்களுக்குக் கதை சுருக்கம். பழைய சிப்களின் நடத்தையை வன்பொருளிலேயே மறுபடி கட்டும் எஃப்பிஜிஏ மெஷின்கள் இருக்கின்றன. 2018-ல் வந்த அனலாக் நிறுவனத்தின் சூப்பர் என்டி, சூப்பர் நின்டெண்டோவின் பழைய கேசட்டை ஏற்று நேராக எச்டிஎம்ஐ தரும். டிஇ10-நானோ பலகையில் ஓடும் மிஸ்டர் என்ற திறந்த திட்டம் டஜன் கணக்கான கன்சோல்களாகவும் கம்ப்யூட்டர்களாகவும் மாறும்.

எதிர்த் திசையில் போகிறவர்களும் பெருகிவிட்டார்கள். ஒளிபரப்பு நிலையங்கள் கழித்துவிட்ட சோனி பிவிஎம் மானிட்டர்களுக்கு மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு வீடுவீடாகக் கொடுத்த இலவச கலர் டிவியும் பிக்சர் ட்யூப் டிவிதான். ஏவி சாக்கெட்டோடு இன்னும் வேலை செய்யும் ஒன்று மூலையில் கிடந்தால், 240பி-க்கு அது 65 அங்குல 4கே டிவியைவிட நெருங்கிய சொந்தம். 'டக் ஹன்ட்' கேமின் பழைய துப்பாக்கிக்கோ பிக்சர் ட்யூப் டிவிதான் வேண்டும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தை அந்தக் கணமே எதிர்பார்க்கிறது, அதுவும் பிக்சர் ட்யூப் கோடு வரையும் 15 கிலோஹெர்ட்ஸ் அளவிலான துடிப்போடு. எல்சிடியில் வெளிச்சம் தாமதமாக வரும், துடிப்பும் இருக்காது. 750 டாலர் பெட்டியை நடுவில் வைத்தாலும் வாத்து விழாது.

பழைய டிவியைத் தேடி வாங்குகிறவர்கள் கன்சோலையும் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பது நல்லது. நம் ஊர் செட்கள் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்குச் செய்தவை. என்டிஎஸ்சி நிறத்தைப் படிக்கத் தெரியாத செட்டில் அமெரிக்க, ஜப்பானிய கன்சோல்கள் கறுப்பு-வெள்ளையில்தான் வரும். ஐரோப்பிய கன்சோலை வாங்கினால் நிறம் வரும், ஆனால் நொடிக்கு 50 படம் என்பதால் சோனிக் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். டிவியில் கோளாறு இருந்தால் பின் மூடியை அனுபவமுள்ள மெக்கானிக்தான் திறக்க வேண்டும். உள்ளே ஓடுவது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ட்யூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.